பிழையின் பிறந்த ஊர்

2022 ஜனவரி 25-ஆம் தேதி ஒரு விசித்திரம் தொடங்கியது. அதுவரை பச்சைப்பசேல் என்று தெரிந்த காடுகள் அதற்குப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களில் நோய் கண்டவைபோலத் தெரிந்தன. மழை பொய்க்கவில்லை. தீப்பிடிக்கவில்லை. யாரும் மரங்களை வெட்டிச் சாய்க்கவில்லை. ஆனாலும் பழைய கணக்கை மாற்றாமல் ஓட்டிய கணினிகளில், எந்தக் காட்டின் படத்தைக் கொடுத்தாலும் இதே விடைதான் வந்தது.

அந்தப் படங்களை எடுத்தவை ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள். 786 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, நிலத்தைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாக அவை பதிவு செய்கின்றன. ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. படங்கள் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமுள்ள சதுரங்களாக வெட்டித் தரப்படுகின்றன. ஒரு சதுரத்தில் 12 கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் இருப்பது ஓர் எண். நிறம் என்பது அந்த எண்ணுக்குப் பின்னால் நாம் பூசிக்கொள்வது.

நிலத்தில் விழும் ஒளியில் எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதை அந்த எண் சொல்கிறது. இதற்கு எதிரொளிப்பு என்று பெயர். நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பினால் 0.04. தசமப் புள்ளிகளைச் சேமிக்கக் கணினியில் அதிக இடம் தேவைப்படும். அதனால் பத்தாயிரத்தால் பெருக்கி 400 என்று முழு எண்ணாக எழுதிவைத்தார்கள். இலை சிவப்பு ஒளியை உண்டு உணவு சமைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்த விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் செடியின் செழிப்பு தெரியும். இதுதான் தாவரக் குறியீடு. சிவப்பு 400, அகச்சிவப்பு 4000 என்று வைத்துக்கொள்வோம். 3600-ஐ 4400-ஆல் வகுத்தால் 0.82. செழித்த காடு.

ஜனவரி 25 முதல் எல்லா எண்களோடும் ஆயிரம் கூட்டப்பட்டது. 400 இப்போது 1400. 4000 இப்போது 5000. வித்தியாசம் அதே 3600. கூட்டுத்தொகை மட்டும் 6400 ஆகிவிட்டது. வகுத்தால் 0.56. காடு வாடிய ரகசியம் இவ்வளவுதான்.

ஏன் கூட்டினார்கள்? இங்கேதான் உண்மையான நுட்பம் இருக்கிறது. ஆழமான ஏரி, மலை நிழல் போன்ற இருண்ட இடங்களிலிருந்து ஒளி ஏறக்குறைய வருவதே இல்லை. கருவியின் சொந்த இரைச்சலையும் நடுவே உள்ள காற்றின் பங்கையும் கழித்துப் பார்த்தால் விடை சில சமயம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். முன்பு அந்த எதிர்ம எண்களையெல்லாம் பூஜ்ஜியத்தோடு வெட்டிவிட்டார்கள். கீழே போனவற்றை வெட்டி மேலே போனவற்றை வைத்துக்கொண்டால் சராசரி உயர்ந்துவிடும். ஏரி உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். எல்லாவற்றையும் ஆயிரம் படி உயர்த்திவிட்டால் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பயன்படுத்துபவர் அந்த ஆயிரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் போதும். படத்தோடு வரும் விவரக் கோப்பில் இது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காத மென்பொருள்களுக்குத்தான் காடு வாடியது.

செயற்கைக்கோள் படங்களில் பிழை தேடுவோரின் வேலையில் என்னை மிகவும் கவர்வது இதுதான். கருவி, பறக்கும் பாதை, காற்று, கணிதம், கோப்பு என்று ஒளி எண்ணாக மாறும் வழியில் எத்தனையோ ஊர்கள். பிழை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரின் சாயலை முகத்தில் தாங்கியே வருகிறது. படம் முழுக்க ஒரே சீராகப் பிசகியிருந்தால் கணக்கில் கோளாறு. கோடு கோடாகப் பிசகியிருந்தால் கருவியில். உருவம் சரியாக இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் வரைபடக் கணிதத்தில். பழகிய கண்ணுக்குப் பிழையின் வடிவமே முகவரி.

கோடுகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் லேண்ட்சாட்-7 செயற்கைக்கோள் 1999 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் கருவி ஒவ்வொரு நிறத்துக்கும் 16 உணரிகளை வரிசையாக வைத்திருந்தது. உணரி என்றால் ஒளியை மின்சாரமாக மாற்றும் சிறு துணுக்கு. பதினாறும் ஒரே மாதிரி செய்யப்பட்டவைதான். ஆனால் இயற்கையில் எந்த இரண்டு துணுக்கும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் மங்கிவிட்டால் அது எழுதிய வரி மட்டும் படத்தில் கறுத்துத் தெரியும். அந்தக் கறுப்புக் கோடு எத்தனை வரிகளுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சரியாகப் பதினாறுக்கு ஒன்று. 705 கிலோமீட்டர் உயரத்தில், யாரும் போய்த் தொட முடியாத ஒரு கருவிக்குள், பதினாறில் எத்தனையாவது துணுக்கு சோர்ந்திருக்கிறது என்பதைத் தரையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிவிட முடியும். அந்த உணரியின் வரிகளை மட்டும் உரிய அளவுக்குப் பெருக்கிவிட்டால் கோடு மறைந்துவிடும்.

அதே லேண்ட்சாட்-7, தொலையுணர்வு வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பிழையையும் நமக்குத் தந்தது. அதைப் புரிந்துகொள்ள அந்தக் கருவி படம் எடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு கண்ணாடி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். வாசல் பெருக்குகிறவர் துடைப்பத்தை இடமும் வலமும் வீசியபடி ஒவ்வோர் அடியாக முன்னே நகர்வதுபோல, செயற்கைக்கோள் முன்னே பறக்கப் பறக்கக் கண்ணாடி 185 கிலோமீட்டர் அகலத்தைப் பெருக்கிக்கொண்டே போகும். ஒரு வீச்சில் பதினாறு வரிகள். வரிக்கு முப்பது மீட்டர் என்றால் ஒரு வீச்சின் தடிமன் 480 மீட்டர். விநாடிக்குச் சுமார் பதினான்கு வீச்சுகள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி இடமிருந்து வலம் போய்ச் சேர்வதற்குள் செயற்கைக்கோள் நானூறு மீட்டருக்கும் மேல் முன்னே நகர்ந்துவிடும். ஆகவே நேராக இழுத்த கோடு தரையில் சாய்வாக விழும். திரும்பி வரும் வீச்சு எதிர்ப்பக்கம் சாயும். மொத்தத்தில் வளைந்து நெளிந்த கோணல் கோடு. இதைச் சரிசெய்ய ஓர் அழகான ஏற்பாடு வைத்திருந்தார்கள்: பார்வைப் பாதையில் இரண்டு சிறு கண்ணாடிகள். செயற்கைக்கோள் முன்னே நகரும் அதே வேகத்துக்கு அவை பார்வையைப் பின்னே திருப்பும். ஒன்றை மற்றது ஈடுசெய்ய, வீச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக, இடைவெளியில்லாமல் அடுக்கப்படும். வரித் திருத்தி என்று இதை அழைக்கலாம்.

2003 மே 31 அன்று அந்த வரித் திருத்தி நின்றுபோனது. மீண்டும் ஓட வைக்கும் முயற்சிகள் பலிக்கவில்லை. அன்று முதல் லேண்ட்சாட்-7 எடுத்த ஒவ்வொரு படத்திலும் கறுப்பு ஆப்புகள். படத்தின் நடுவே சுமார் 22 கிலோமீட்டர் அகலத்துக்குக் குறையே தெரியாது. ஓரத்தை நோக்கிப் போகப் போக இடைவெளி விரிந்து, விளிம்பில் ஏறக்குறைய நானூறு மீட்டர் அகலமாகும். ஏன் ஆப்பு வடிவம்? கோணல் கோட்டின் வளைவுகள் இரு ஓரங்களிலும்தானே இருக்கின்றன. அங்கே சில இடங்கள் இரண்டு முறை பெருக்கப்பட்டன, சில இடங்கள் ஒருமுறைகூடப் பெருக்கப்படவில்லை. கருவிக்குள்ளே எது நின்றது என்பதை அந்த ஆப்புகளே வரைந்து காட்டின.

ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் போயிற்று. ஆனால் மிஞ்சிய பிக்சல்கள் ஒவ்வொன்றும் பழைய தரத்திலேயே இருந்தன. அதனால் செயற்கைக்கோளைக் கைவிடவில்லை. பதினாறு நாட்களுக்கு ஒருமுறை அது அதே இடத்துக்கு மேல் வரும்போது ஆப்புகள் துல்லியமாக அதே இடத்தில் விழுவதில்லை. இந்தப் படத்தின் இடைவெளியை வேறொரு நாளின் படத்திலிருந்து நிரப்பலாம். நிரப்பும்போது வேறொரு தொல்லை: பதினாறு நாளில் வயல் அறுவடையாகியிருக்கும், சூரியனின் சாய்வு மாறியிருக்கும். ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரியும். ஆகவே இடைவெளியைச் சுற்றியிருக்கும் நல்ல பிக்சல்களில், முன்பு இந்த இடத்தைப் போலவே இருந்தவை எவை என்று தேடி, அவை எப்படி மாறினவோ அப்படியே இதுவும் மாறியிருக்கும் என்று கணிக்கும் முறைகளை உருவாக்கினார்கள். ஓர் இயந்திரம் பழுதானதால் ஒரு கணிதத் துறையே வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. அந்தச் செயற்கைக்கோள் அதே பழுதோடு 2024 ஜனவரி வரை படம் எடுத்தது.

இன்றைய கருவிகள் பலவற்றில் ஆடும் கண்ணாடி இல்லை. ஆயிரக்கணக்கான உணரிகளைக் குறுக்கே வரிசையாக வைத்து, செயற்கைக்கோளின் ஓட்டத்தையே இழுப்பாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புதிய கருவிக்குப் புதிய பிழைகள். சென்டினல்-2 தன் 290 கிலோமீட்டர் அகலப் பார்வையைப் பன்னிரண்டு உணரித் தொகுதிகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. அவை ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசைகளில் நிற்கின்றன; எனவே அடுத்தடுத்த தொகுதிகள் நிலத்தைச் சற்றே வேறான கோணத்தில் பார்க்கின்றன. நிலத்தில் இது தெரியாது. கடலில் சூரியன் பளபளக்கும்போது பார்த்தால், நீர்ப்பரப்பு சுமார் 25 கிலோமீட்டர் அகலப் பாளங்களாகப் பிரிந்து, ஒன்று வெளிச்சம் ஒன்று மங்கல் என்று மாறி மாறிக் கிடக்கும். 290-ஐ அந்த அகலத்தால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதிகளும் விடையில் வந்து நிற்கும்.

இதைவிட அழகான பிழை ஒன்று உண்டு. சில படங்களில் ஒரே விமானம் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்றாகப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும். ஓடுபாதையோ சுற்றியுள்ள வயலோ அப்படிச் சிதறாது. காரணம், ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு உணரி வரிசை பிடிக்கிறது. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு விநாடி கடந்துவிடுகிறது. மென்பொருள் நிலத்தை அடையாளம் வைத்து மூன்று நிறங்களையும் பொருத்துகிறது. நிலம் அசையாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானமோ அந்த ஒரு விநாடியில் 250 மீட்டர், அதாவது 25 பிக்சல் தள்ளிப் போய்விடும். இதைப் பிழை என்று திருத்த முனைந்தவர்கள் இருக்க, வேறு சிலர் இதிலேயே விமானத்தின் வேகத்தை அளந்தார்கள். கடல் அலைகளும் அந்த ஒரு விநாடியில் நகர்கின்றன. அலையின் வேகம் தெரிந்தால் கரையோரக் கடலின் ஆழத்தைக் கணிக்கலாம். ஆழமில்லாத இடத்தில் அலை மெதுவாகும் என்ற பழைய இயற்பியல் விதி அது. உயரமாக மிதக்கும் மேகங்களின் விளிம்பிலும் கூர்ந்து பார்த்தால் மெல்லிய நிறக்கோடு தெரியும். வெண்மணலையும் வெண்மேகத்தையும் பிரித்தறிய அதையே துப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

கருவியைத் தாண்டிக் கணினிக்குள் வந்தால் வேறொரு உலகம். படத்தின் எண்கள் பெரும்பாலும் 16 இரும இலக்கப் பெட்டிகளில் அடைக்கப்படுகின்றன. அப்பெட்டியில் 0 முதல் 65,535 வரைதான் இடம். எதிர்ம எண்ணுக்கு இடமே கிடையாது. இப்போது ஓர் ஏரியின் பிக்சலை எடுங்கள்: அகச்சிவப்பு 300, சிவப்பு 500. கழித்தால் −200. பெட்டியில் அதற்கு இடமில்லாததால் எண் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு 65,336 ஆகிவிடும். அதை 800-ஆல் வகுத்தால் 81-க்கும் மேல். தாவரக் குறியீட்டின் உச்சமே 1. தண்ணீர் மட்டும் நிறைந்த ஏரி, அமேசான் காட்டைவிட எண்பது மடங்கு பசுமை என்று மென்பொருள் அறிவிக்கும், எந்த எச்சரிக்கையும் தராமல்.

முதலில் சொன்ன ஆயிரத்தைக் கழிக்கும் மருந்துக்கும் இதே பக்கவிளைவு உண்டு. இருண்ட பிக்சலின் எண் 950 என்றால், ஆயிரத்தைக் கழிக்க −50 வரவேண்டும். பெட்டி மாற்றாமல் கழித்தால் 65,486 வரும். காட்டின் வாட்டம் தீர்ந்துவிடும், மலையின் நிழலில் மட்டும் கண்ணைக் கூசும் புள்ளிகள் முளைக்கும். எண்ணைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும் என்பது ஒரே ஒரு வரி நிரல். அந்த ஒரு வரியைத் தேடி நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

"இங்கே தகவல் இல்லை" என்பதையும் கணினி ஓர் எண்ணாகத்தான் எழுத முடியும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி வந்து ரேடார் வழியே பூமியின் மேடுபள்ளங்களை அளந்தது. செங்குத்தான மலைகளின் மறைவில் ரேடாருக்கு எதுவும் தெரியவில்லை. அத்தகைய இடங்களில், எதிர்ம எண்ணுக்கும் இடமுள்ள பெட்டியில், −32,768 என்று குறித்தார்கள். நிஜத்தில் எந்த இடத்துக்கும் இருக்க முடியாத உயரம். மென்பொருளுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டு, ஒன்பது பிக்சல்களுக்குச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? எட்டுப் பிக்சல்கள் நூறு மீட்டர், ஒன்று மட்டும் வெற்றிடம் என்றால் விடை −3552. நூறு மீட்டர் உயரக் குன்றின் நடுவே மூன்றரை கிலோமீட்டர் பாதாளம் திறந்துவிடும். இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. ஓரங்களையும் ஓட்டைகளையும் சுற்றி ஒரு பிக்சல் அகலத்துக்கு நம்ப முடியாத எண்கள் வளையம் கட்டி நிற்கும்.

இடம் மாறும் பிழைகளில் தமிழ்நாட்டுக்கு என்றே ஒன்று உண்டு. உருண்டை பூமியைத் தட்டையான தாளில் மீட்டர் கணக்கில் வரைய, உலகை ஆறு பாகை அகலமுள்ள அறுபது மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43-ஆம் மண்டலத்துக்கும் 44-ஆம் மண்டலத்துக்கும் நடுவிலான எல்லை கிழக்கு 78 பாகை. அந்தக் கோடு நம் மாநிலத்தை நெடுக்காகப் பிளந்துகொண்டு போகிறது. கோவை 43-இல், மதுரையும் திருச்சியும் 44-இல். சிக்கல் என்னவென்றால் எல்லா மண்டலங்களும் ஒரே மாதிரி எண்களைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றின் நடுக்கோட்டுக்கும் ஐந்து லட்சம் மீட்டர் என்றே பெயர். மதுரைப் படத்தின் எண்களை 43-ஆம் மண்டலம் என்று தவறிப் படித்தால் மீனாட்சியம்மன் கோயில் ஆறு பாகை மேற்கே, சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி, லட்சத்தீவுக் கடலில் போய் விழும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிக் கொடுத்தால் இன்னும் தூரம்: 13, 80 என்ற சென்னை, 80, 13 ஆகி ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டுக்கு வடக்கே மிதக்கும். கடலில் விழும் பிழை பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஒரு பிக்சல், அரை பிக்சல் நகரும் பிழைதான் கொடியது. வரப்பு நகர்ந்து, நெல்லின் எண்ணில் பக்கத்துத் தென்னையின் எண் கலந்துவிடும்.

கருவி மங்குகிறதா, நிலம் மாறுகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது? மாறாத ஒன்றைப் பார்க்க வேண்டும். லிபியப் பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாத மணற்பரப்பு ஒன்றைப் பல நாட்டுச் செயற்கைக்கோள்களும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதைவிட உறுதியான அளவுகோல் நிலா. அங்கே காற்று இல்லை, மேகம் இல்லை, பயிர் இல்லை. லேண்ட்சாட்-8 மாதம் ஒருமுறை பூமியிலிருந்து முகத்தைத் திருப்பி நிலாவைப் படம் எடுத்து, தன் பார்வை சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் நடுவே மிகக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது: பிழைபோலத் தெரிவது உண்மையாகவே இருந்துவிட்டால்? 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள் வானிலுள்ள ஓசோனை அளந்துவந்தது. சாதாரணமாக 300 டாப்சன் அலகு இருக்கும்; 180-க்குக் கீழே வந்தால் நம்பத் தகாதது என்று மென்பொருள் சந்தேகக் குறி போட்டுவிடும். அதுவரை யாரும் அவ்வளவு குறைவாகப் பார்த்ததில்லை. 1980-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் வசந்த காலத்தில் சந்தேகக் குறிகள் குவியத் தொடங்கின. 1984-இல் நாசா ஆய்வாளர்கள் அதைக் கவனித்தார்கள். தென் துருவத்தின் தரை நிலையம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது 300 என்றது. அப்படியானால் செயற்கைக்கோள்தான் தவறா? கடைசியில் பார்த்தால், தென் துருவ நிலையத்தின் எண்களில்தான் பிழை இருந்தது. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அண்டார்க்டிகாவிலேயே உள்ள ஹாலி பே நிலையத்தின் தரைக் கருவி கண்ட ஓசோன் வீழ்ச்சியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். செயற்கைக்கோளின் எண்கள் அதை உறுதிசெய்தன. ஓசோன் குறைந்த பரப்பு ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்திருப்பதைப் படமாகவே காட்டின.

மென்பொருள் அந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. உண்மையில் எறியவில்லை. குறி போட்டு வைத்துக்கொண்டது. அதனால்தான் பழைய பதிவுகளைத் திரும்பக் கணக்கிட முடிந்தது. இன்று ஏறக்குறைய எல்லாச் செயற்கைக்கோள் படங்களோடும் தர அடுக்கு ஒன்று தனியே வருகிறது. படத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் மென்பொருளின் கருத்து அதில் பதிவாகியிருக்கும். சென்டினல்-2 படத்தில் 0 என்றால் தகவல் இல்லை, 1 என்றால் உணரி பழுது அல்லது ஒளி மிகை, 3 மேக நிழல், 4 தாவரம், 6 தண்ணீர், 9 மேகமாக இருக்கப் பெரிதும் வாய்ப்புள்ள இடம், 11 பனி. நடுவே 7 என்று ஓர் எண் இருக்கிறது: வகை பிரிக்க முடியவில்லை என்று பொருள். ஒரு படத்தில் ஏதோ பிசகு என்று சந்தேகம் வந்தால், அனுபவசாலிகள் தர அடுக்கைத் திறந்து அந்த ஏழுகள் எங்கே, என்ன வடிவத்தில் கூடியிருக்கின்றன என்று பார்ப்பதிலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள்.